ஜூலை வரை

டிசம்பரிலிருந்து பின்னாடி சொல்லுங்க,
ஜூலை வரைக்கும் வந்தால் போதும்.
நாளுக்கு முப்பது தடவை கேட்கிறேன்
நான்கு மொழியில்;
அதில் இரண்டு எனக்கு அரைகுறை.

உடம்புக்கு முடியாமல் கிடக்கையில்
திடீரென்று புத்தி கலங்குமே,
அதை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கலாம் என்று ஆய்வு.
ஜூரோங்கில் ஆறாவது மாடி, எலும்பு வார்டு.
கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை,
பையில் ஒட்டிய உறைகள்.

பதினோராம் படுக்கை ரொக்கையா
நவம்பர், அக்டோபர் என்று நன்றாகத்தான் வந்தார்.
செப்டம்பரில் நின்று
என் முகத்தைப் பார்த்து
"மக்கான் ஆச்சா?" என்றார்.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

ஒன்பதாம் படுக்கை மிஸ்டர் கோ
டிரிப் ஊசியைப் பிடுங்கிப் போட்டு,
கப்பல் கிளம்புது, கயிற்றை அவிழ் என்று
தாதி மரிசெலை அதட்டினார்.
அவரைக் கண்டுபிடிக்க ஆய்வு எதற்கு?
லிஃப்ட் வரை கேட்டது.

பதினான்குதான்.
சாத்தப்பன், எழுபத்தெட்டு,
இடுப்பு அறுவை முடிந்து மூன்றாம் நாள்.
பணிமாற்றத்தில் அவரைப் பற்றி ஒரே வரி:
நல்ல மனுஷன், தொந்தரவே இல்லை.
கஞ்சியில் ஆடை படிந்திருந்தது.
டிசம்பர், என்றார்.
சன்னலுக்கு வெளியே ஒரு ரயில் போனது.
எதிர்ப்பக்கம் இன்னொன்று.
டிசம்பர், என்றார் மறுபடி,
பூட்டின கதவைத் தட்டுகிறவர்போல
மெல்ல.

உறை அவரை
வழக்கமான கவனிப்புப் பிரிவில் போட்டிருந்தது.
அப்படியென்றால் நான் கண்டது
எனக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்.
வார்டுக்குச் சொல்லக்கூடாது;
சொன்னால் ஒப்பீடு கெடும்.
நெறிமுறை, பக்கம் இருபத்திரண்டு.
நானே தட்டச்சு செய்த பக்கம்.

லிஃப்ட் வந்தது. திறந்தது. மூடியது.

திரும்பிப் போய் மரிசெலிடம் சொன்னேன்:
பதினான்கு தூங்கவில்லை,
காணாமல் போய்க்கொண்டிருக்கிறார்.
அடிவயிற்றில் ஸ்கேனரை வைத்தாள்.
தொள்ளாயிரத்து நாற்பது மில்லி.
இரவெல்லாம் சிறுநீர் பிரியாமல்
யாரையும் கூப்பிடாமல்
நல்ல மனுஷனாகக் கிடந்திருக்கிறார்.

நெறிமீறல் படிவத்தில்
காரணத்துக்கு மூன்று கோடு.
டாக்டர் சியூ வாசித்தார், பெருமூச்சு விட்டார்,
அடுத்த முறை முதலில் எனக்கு போன் போடு என்றார்.
பிறகு கேட்டார்:
ஆளாளுக்கு வாய் திறந்தால்
அடுத்த வருஷத்துப் பதினான்குக்கு
என்ன ஆதாரம் மிஞ்சும்?
அதுவும் நியாயம்தான்.
இன்னும் பதில் எழுதவில்லை.

அட்டவணையில் சாத்தப்பன் இல்லை.
கீழே பொடி எழுத்தில்,
ஒருவர் விலக்கப்பட்டார்.

வியாழக்கிழமை, கணக்குக்காக இல்லாமல்
சும்மா கேட்டேன்.
ஜூலை வந்ததும் போதும் என்றேன்.
கை காட்டி என்னை நிறுத்திவிட்டு
ஜூன், மே, ஏப்ரல் என்று இறங்கினார்;
ஜனவரியைத் தாண்டியும் நிற்கவில்லை.
போன வருஷத்து டிசம்பர், என்றார்,
"அப்ப கால் நல்லாத்தான் இருந்துச்சு."