கை போகாத பை

படத்தில் அது தும்பைப்பூ வெள்ளை,
நீலக் கொடி ஓடின நைட்டி.
"நூறு சதம் பருத்தி. கோடைக்கு உகந்தது.
இருபுறமும் பை."
பைக்காகத்தான் வாங்கினேன்.
சில்லறைக்கு ஒன்று, போனுக்கு ஒன்று.
பருத்தி எதற்கென்று,
அண்டி ஆபீஸில் ஆவி எழும் பக்கம்
ஒரு மணிநேரம் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

நானூற்றி நாற்பத்தொன்பது ரூபாய்.
பள்ளியாடி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
வண்டியை நிறுத்தி அஜின் விளித்தான்:
"ஜெபசெல்வி யாரு? ஓடிபி சொல்லுங்க."

பிரித்தேன்.
தும்பைப்பூவை யாரோ
ஆறின கஞ்சித்தண்ணியில் முக்கி எடுத்த நிறம்.
நீலக் கொடி இருந்தது, தலைகீழாக,
வேரை மேலே தூக்கிக்கொண்டு.
பையைத் தேடினேன்.
மூடி இரண்டு இருந்தது. இரண்டுக்கும் பித்தான் இருந்தது.
உள்ளே கை போகவில்லை.
துணிமேல் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள்,
சுவரில் கதவு வரைந்தது மாதிரி.

ஓரத்தில் ஒரு நூலை உருவித்
தீக்குச்சி காட்டினேன்.
பருத்தியென்றால் காகிதம்போல் எரிந்து
சாம்பலாக வேண்டும்.
இது சுருண்டு, உருண்டு, கறுத்த மணியாகி
விரலில் ஒட்டிக்கொண்டது.
வீடியோ எடுத்து அனுப்பினேன்.

பதில் வந்தது, அன்புள்ள வாடிக்கையாளரே என்று.
"தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.
வாடிக்கையாளரால் எரிக்கப்பட்ட பொருளைத்
திரும்பப் பெற இயலாது."
ஒரு நூல், பிள்ளே. ஒரே ஒரு நூல்.
மறுபடி எழுதினேன். மறுபடி வருந்தினார்கள்.
மூன்றாம் தடவை,
எழுபது ரூபாய் தருகிறோம், நைட்டியும் உங்களுக்கே,
ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்றார்கள்.

புஷ்பலீலா சொன்னாள்:
"வாங்கிக்க செல்வி, சவத்த விடு.
நானூறு ரூவாக்கு கோர்ட்டுக்கா போவ?"
சரிதான்.
ஆனால் அவள் அதைச் சொன்னபோது
எங்கள் இரண்டு பேர் முன்னாலும் பருப்பு குவிந்து கிடந்தது.

இந்த மேசையில் பதினேழு வருடம்.
வெள்ளை முழுசு, கருகல் முழுசு,
பிளவு, துண்டு, பொடி,
அதது அததன் டப்பாவில்.
முழுசுக்குள் ஒரு பிளவு கிடந்தால்
சூப்பர்வைசர் சுதன் அதைக் கிள்ளி எடுத்து
எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடிப்பான்.
அன்றைய கூலியில் கை வைப்பான்.
கடல் தாண்டி யாரோ தின்னப்போகிற பருப்பு.
அந்த ஆள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை.
இருந்தாலும் பிளவைப் பிளவென்றுதான் போட்டேன்,
கண் வலித்த நாளிலும்,
அம்மை இறங்கி வேலைக்கு வந்த வாரத்திலும்.

ராத்திரி ஒரு நட்சத்திரம் தொட்டேன்.
கீழே எழுதினேன்:
"தரம்: பொடி.
போட்டிருக்கிற டப்பா: வெள்ளை முழுசு.
பை கிடையாது, பைக்கு மூடி உண்டு.
பருத்தி கிடையாது, எரித்துப் பார்த்தேன்."
எரித்ததை எழுதியிருக்க வேண்டாமோ என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
அப்படியே விட்டேன்.

பதினொன்றாம் நாள் பணம் வந்தது.
யார் மனசு இளகியதோ, எந்த மிஷின் இரங்கியதோ.
நைட்டியைத் திரும்பக் கேட்கவில்லை.
அந்த வழி போகும்போதெல்லாம் அஜின் மட்டும்
"ரிட்டர்ன் உண்டா அக்கா" என்கிறான்,
வண்டியை நிறுத்தாமலே.

இடவப்பாதி பிடித்துவிட்டது.
நாலு நாளாய்க் கொடியில்
பருத்தியெல்லாம் காயாமல் நாறுகிறது.
இது மட்டும்
உதறிப் போட்ட அரைமணியில் காய்ந்துவிடுகிறது.
விற்றவன் எழுதாமல் விட்ட ஒரே நல்ல குணம்.

அதைப் போட்டுக்கொண்டு
குடையோடு முக்குக் கடையில் பால் வாங்க நிற்கிறேன்.
பத்து ரூபாய் மீதி தந்தார்கள்.
கை தன்பாட்டுக்கு இடுப்புப் பக்கம் போய்
பித்தானைக் கழற்றி,
மூடியைத் தூக்கி,
கொஞ்சம் நின்று,
திரும்பி வருகிறது.