அவனுடையது முதலில்

டுலூத் துறைமுகத்தில் பனிக்கட்டி இன்னும் விடவில்லை.
சலவைக்கூடத்து இரவுப்பணி முடிந்து
விரலில் பிளீச் வாசனையோடு
நாற்பத்தேழாம் எண்ணுக்குக் காத்திருக்கிறாள் ஜோலீன்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு பையன்.
இப்போதே கேட்டால் குறையும், என்கிறான்.
சம்பளம் வரம்பைத் தாண்டினால்
தாண்டிய இரண்டு டாலருக்கு ஒன்று பிடிப்போம்.
கணவருடையதை முதலில் வாங்கிக்கொண்டு
உங்களுடையதை எழுபது வரை வளரவிடலாம்.

வளரவிடலாம்.
வெர்ல் ஒரு தக்காளியைக்கூட வளரவிட்டதில்லை,
காயிலேயே பறித்துப் பொரித்துவிடுவான்.
இரும்புத்தாதுக் கப்பலில் முப்பத்தொரு வருஷம்,
சம்பளத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கொடுத்தான்.
ஒரு மாதப் பணம் கையில் வாங்காமல்
அறுபத்தொன்றில் போனான்.

"அறுபது தாண்டிவிட்டீர்கள்,
இனி மறுமணம் செய்தாலும் இது நிற்காது."
யாரடா உன்னைக் கேட்டது!
அவள் சிரித்ததில்
வரிசையே திரும்பிப் பார்க்கிறது.

எண்பதைத் தாண்டி இருந்தால்
காத்திருந்தது லாபமாம்.
அம்மா எழுபத்தாறு. அக்கா அறுபத்தெட்டு.
வலது முழங்கால் இப்போதே படிக்கட்டோடு பேசுவதில்லை.
பையனின் கணக்கில் முழங்காலுக்குக் கட்டமில்லை.

பேனாவைக் கேட்டு வாங்குகிறாள்.
ஐந்து இரவு இனி மூன்று.
வரம்புக்குள் அடங்கிவிடும்,
உறையின் முதுகில் போட்டுப் பார்த்தாயிற்று.

மீதி இரண்டு இரவு வெர்ல் வாங்கித் தருவது.
அவன் ஏரியில், இவள் சலவையில்;
இருவரும் ஒரே கட்டிலில் இருந்த இரவுகளை
எண்ணிவிடலாம்.
குறட்டையில்லாமல் தூக்கம் வருகிறதா,
பார்க்க வேண்டும்.