பதினோராம் நிமிடம்

ரோமா வளாகத்தில் இரண்டு நாள் பயிற்சி.
விரிவுரையாளர்கள் கட்டாயம் வரவேண்டும், தேநீர் உண்டு.
மண்ணியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான்
கடவுச்சொல் கேட்கும் வாசலில் கைநாட்டு.

கணினி மையத்து கட்லேஹோ
என் பாடத்தைத் திறந்து கீழே ஒரு கோட்டைக் காட்டினார்.
பார்த்தவர்களின் தடமாம்.
யார் எப்போது வந்தார், எங்கே நிறுத்தினார்,
எந்த நொடியில் எழுந்து போனார்.
சாவித் துவாரத்தில் கண் வைக்கிற வேலை.
மூடுங்கள் என்றேன்.

"இருங்கள் மேடம். இங்கே ஏன் ஒரு மலை?"

தட்டையாய்ப் போய்க்கொண்டிருந்த கோடு
பதினோராம் நிமிடத்தில்
மலோட்டித் தொடர்போல் நிமிர்ந்து நின்றது.
நாற்பத்தொரு பேர்.
சிலர் ஆறு முறை. ஒருவர் பத்தொன்பது முறை,
அதுவும் இரவு இரண்டு நாற்பதுக்கு,
டேட்டா மலிவாகும் நேரத்தில்.

ஒலியைக் கூட்டினோம்.
ஜனவரியில் வீட்டில் பதிவு செய்தது.
என் குரல்: அடிமண் கரையும் சரிவுகளில்
கரை கட்டி நீரைத் தேக்க
...
தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை.
மறுபடி என் குரல், தண்ணீர்த் தெளிவாக:
"இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்."

தானாக எழுதிக்கொள்ளும் வசனவரி
பள்ளத்தைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பியிருந்தது:
தேக்க வேண்டும்.

மார்ச் தேர்வில் அப்படியே எழுதினார்கள்,
ஒருவர் விடாமல்.
சிவப்பு மையில் நான் என்ன எழுதினேன் என்று
கேட்காதீர்கள்.
ஆசிரியர் அறையில், இந்தத் தலைமுறை என்று ஆரம்பித்து
ஒரு பிரசங்கமே வைத்தேன்.
தேநீர் ஆறிப்போகிற அளவுக்கு நீளம்.

கட்லேஹோவின் சுட்டி
அந்தப் பத்தொன்பதின் பெயரை நோக்கி நகர்ந்தது.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
வேண்டாம்.
எண் போதும்.

அன்றிரவு
கம்பளிப் போர்வைக்குள் தலையை நுழைத்து
ஒரே ஒரு சொல்லைப் பதிவு செய்தேன்:
கூடாது.
வெட்டி ஒட்டத் தெரியவில்லை.
முதலில் அது மூன்றாம் நிமிடத்தில் போய் உட்கார்ந்தது,
பிறகு என் இருமலுக்கு நடுவே.
நான்காம் தடவை
ஆலங்கட்டிகள் ஒதுங்கி வழிவிட்டன.
வசனவரியையும் கையாலேயே திருத்தினேன்,
எழுத்தெழுத்தாக, ஒற்றை விரலால்.

மதிப்பெண்களை மாற்றக் கோரும் படிவம்
இப்போது இணையத்தில்தான்.
காரணம் என்ற கட்டத்தை அழுத்தினால்
தொங்கும் பட்டியலில் மூன்றே பதில்கள்:
மாணவர் மேல்முறையீடு.
விடைத்தாள் தாமதம்.
கூட்டல் பிழை.

என் பிழைக்கு அங்கே இடமில்லை.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.
மழையையும் என்னையும் கூட்டிப் பதிந்தது நான்தானே.
மூன்றாவதை அழுத்தினேன்,
நாற்பத்தொரு முறை.