அட்டவணை இரண்டின் கடைசி வரி

கட்டுரை வந்துவிட்டது.
ஒன்பது பக்கம், பொடி எழுத்து.
டாக்டர் எலோயிஸ் மரியநாயகம் ஒரு படியை
என் மேசையில் வைத்துவிட்டு வார்டுக்குப் போனார்.
நன்றிக் குறிப்பில் என் பெயரும் இருக்கிறது,
கலியவரதனில் ஒரு எழுத்து குறைவாக.
பரவாயில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு ஈரல்கள், மூன்று வருஷம்.
வயிற்றில் நீர் கோத்தவர்கள்,
வாளி நிறைய ரத்தம் கக்கியவர்கள்,
பகலெல்லாம் தூங்கி
ராத்திரியில் விழித்து மனைவியின் பெயரை மறந்தவர்கள்.
எல்லாரையும் டேப் வைத்து அளந்தவன் நான்.
தொப்புளுக்கு மேலே, மூச்சை வெளியே விடச் சொல்லி.
கட்டுரையில் அவர்கள்
சராசரி ஆகியிருக்கிறார்கள்,
பக்கத்தில் ஒரு கூட்டல் கழித்தல் குறி.

நான் நேராகத் தேடிப் போனது
அட்டவணை இரண்டின் கடைசி வரிக்கு:
தொடர்பற்றுப் போனவர் பதினொன்று.

பதினொன்றில் ஒருத்தர் அஞ்சாப்புலி.
எண் நூற்று நாற்பத்து மூன்று.
கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர்.
ஃபைலில் இருந்த போன் நம்பரை
திருப்பூரில் யாரோ ஒரு பையன் எடுத்தான்.
நவம்பர் மழையில் நேரிலேயே போனேன்.
பஸ்ஸில் ஒன்பதாம் கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்:
எந்தத் தேதியில் காலமானார், நினைவிருக்கிறதா அம்மா?

ஆஸ்பத்திரி என்றதும்
தனகோட்டி கையிலிருந்த சங்கரா மீனைக் கீழே போட்டாள்.
"ஈரக்குலையே ஆடிப்போச்சு சார், யாருக்கு என்ன?"
அவள் சொன்ன அந்த உறுப்பைத்தான்
நாங்கள் சென்டிமீட்டரில் எழுதுகிறோம்.

அப்போது அவரே வந்தார்,
தோளில் சாக்கு, சாக்கில் சொட்டும் ஐஸ்.
என் கண் முதலில் வயிற்றுக்குத்தான் போனது.
ஒட்டியிருந்தது.

ஏன் வரலை?

"வரணும்னா பஸ்ஸு முள்ளோடையில நிக்குது சார்.
பெண்ணையாத்துப் பாலத்துலயே கை நடுங்க ஆரம்பிச்சிடும்.
குடிக்காதேன்னு நீங்க சொல்றதைக் கேக்கறதுக்கு
எத்தனை கடையைத் தாண்டி வரணும்,
எண்ணிப் பாத்திருக்கீங்களா?
ரெண்டு தபா கெளம்பி அங்கயே எறங்கிட்டேன்.
இங்கயும் கடை உண்டு, வெலையைக் கேட்டா தெளிஞ்சிடும்.
வடக்க போறதில்லன்னு வச்சிட்டேன்.
பதினாலு மாசம் ஆச்சு."

ரத்தம் எடுக்கலாம் என்றால்
ஐஸ் பெட்டி கொண்டுபோகவில்லை.
என்னைச் சுற்றி ஒரு லாரி ஐஸ்.

டாக்டர் அதை ஒரு பத்தியாக எழுதினார்.
எங்கோ உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளர் எழுதினார்:
ஆய்வுக்காலம் செப்டம்பரில் முடிந்தது.
ஒருவர் வாய்மொழி. பரிசோதனை இல்லை. நீக்கவும்.
நீக்கினார்.
"அவர் சொல்றதும் சரிதானே கலியவரதன்?"
சரிதான் மேடம்.

அதனால் அஞ்சாப்புலி பதினொன்றிலேயே இருக்கிறார்,
சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை,
அச்சில்.

சாயங்காலம் வார்டிலிருந்து திரும்பியவர்
கழுத்து ஸ்டெத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:
"கடலூர் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கிடைக்குமா உங்களுக்கு?"

கிடைத்தது.
கட்டுரையின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன்.
அரியாங்குப்பம் தாண்டி, தவளக்குப்பம் தாண்டி,
கிருமாம்பாக்கத்தில் ஒரு லாரி மறைத்துவிட்டது,
இரண்டு விட்டுப்போயிருக்கலாம்.
வலது பக்கம் தெரியவில்லை, வரும்போது பார்க்கணும்.
கன்னியக்கோயிலில் கோடுகள் நெருக்கிக்கொள்கின்றன.

முள்ளோடை.
ஷட்டர் இறக்கிய கடை ஒன்று.
படியில் ஒருத்தர் தூறலில் உட்கார்ந்திருக்கிறார்,
முதுகைக் கதவில் சாய்த்து,
வயிறு சட்டைப் பட்டனுக்கு வெளியே.

மூடிய கடையை எண்ணுவதா வேண்டாமா என்று
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
கண்டக்டர் விசில் அடிக்கிறார்.