சன்னிக்கு எர்த் இல்லை

பாலையூற்று பல்தசாரிடம் வாங்கினேன்.
எடுத்த சீட்டு முழுக்க அதற்கே போனது.
"கடல் பக்கம் நிப்பாட்டாதேங்கோ பிள்ளை" என்றார்.
திருகோணமலையில்
கடல் இல்லாத பக்கம் எது என்று
அவர் சொல்லவில்லை.

நிசான் சன்னி, எண்பத்தி நாலாம் ஆண்டு.
பெயருக்கேற்ற பிதற்றல்:
பிரேக்கை மிதித்தால் சிக்னலுக்கு மூச்சு வாங்கும்.
பெரிய லைற்றைப் போட்டால்
வெப்பமுள் சிவப்பை நோக்கி ஏறும்,
அணைத்தால்
ஒன்றுமே நடக்காததுபோல இறங்கி வரும்.
ஹோன் அடித்தால்
றேடியோவில் செய்தி வாசிப்பவர்
ஒரு சொல்லை விழுங்குவார்.
ஒருநாள் அவர் விழுங்கியது
இறந்தவர்களின் எண்ணிக்கையை.

மூன்றாம் கட்டையில் தேர்மஸ்ரற் மாற்றினார்கள்.
முள் ஏறியது.
மட்டிக்களியில் றேடியேற்றரை இறக்கிக் கழுவினார்கள்,
தேத்தண்ணி நிறத்தில் ஒரு வாளி.
முள் ஏறியது.
பற்றறி புதிது.
ஓல்ரனேற்றர் கொழும்பிலிருந்து
இரவு பஸ்ஸில், சீமெந்துப் பையில் சுற்றி,
ஒரு சீற்றுக்குக் காசு கொடுத்து வந்தது.
மச்சான் மட்டும் ஒன்றையும் கழற்றாமல்
முன்சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கச் சொன்னார்.
அதையும் செய்தேன்.
எல்லாவற்றிலும் மலிவு அதுதான்.

பிறகு அக்ஸிலரேற்றர் இறுகத் தொடங்கியது.
நிலாவெளி வீதியில், சாம்பல்தீவுப் பாலத்தடியில்,
எடுத்த காலோடு மேலே வராமல்
யோசித்து யோசித்து வந்தது.

கிண்ணியா ஜவ்ஸி பொனற்றைத் தூக்கவில்லை.
முதலில் ஒரு கேள்வி:
"பகல்லயும் இறுகுதா மிஸ்?"
இரவில் மட்டும், என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

"லைற்றப் போடுங்க."
கேபிளைத் தொட்டவன் கையை இழுத்துக்கொண்டான்.
மீற்றரின் ஒரு கம்பி பற்றறி மைனஸில்,
மற்றது மட்காட் ஆணியில்.
பூச்சியம் நிற்க வேண்டிய இடத்தில்
இரண்டு தசம் ஒன்று.
"பொடிக்கு எர்த் இல்ல."

விளக்கை எரித்துவிட்டு மின்சாரம்
தகரத்தின் வழியே பற்றறிக்குத் திரும்ப வேண்டுமாம்.
அதற்கென்று ஒரு பின்னல் கம்பி, விரல் நீளம்.
உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது.
தொட்டான், உதிர்ந்தது.
"போறதுக்கு எல்லா வயரும் நல்லாத்தான் இருக்கு மிஸ்.
திரும்புறதுக்குத்தான் இல்ல."
ஆகவே அது கிடைத்த பாதையால் போயிருக்கிறது,
என் காலடிக் கேபிளுக்குள்ளால்.

நான் வேலை செய்வது காணிக் கிளையில்.
பகல் முழுக்க மேசையில் மண்தான்.
"வடக்கே பாதை" என்று உறுதியில் இருக்கும்,
போய்ப் பார்த்தால் முள்ளுக்கம்பி இருக்கும்.
போன மாதம் குச்சவெளியிலிருந்து ஒருவர்,
பெயர் வன்னியசிங்கம்,
பக்கத்துக் குசினிக்குள்ளால் புகுந்துதான்
தன் வளவுக்குப் போவதாகச் சொன்னார்.
படிவம் நிரப்பச் சொன்னேன்.

ஜவ்ஸி அரத்தாளால்
தகரம் வெள்ளையாய்ச் சிரிக்கும்வரை தேய்த்தான்.
பழைய லொறிக் கம்பியில் ஒரு துண்டு,
இரண்டு ஆணி, மேலே கிறீஸ்.
நானும் பிடித்துக்கொடுத்தேன்.
அறுநூறு ரூபா.
தேர்மஸ்ரற்றை நினைத்தபோது வயிறு எரிந்தது.

லைற் போட்டேன். முள் அசையவில்லை.
பிரேக். சிக்னல் அதன்பாட்டுக்குத் துடித்தது.
வைப்பர் மட்டும் வலப்பக்கமே போய் நின்றது.
"அது வேற வருத்தம்" என்றான்.

அலஸ்தோட்டத்துக்குப் போக வேண்டியவள்
கோட்டைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினேன்,
லைற்றைப் போட்டும் அணைத்தும்.
புல்லில் படுத்திருந்த மான் ஒன்று
தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று
எழுந்து நின்றது.

திங்கட்கிழமை
வன்னியசிங்கத்தின் கோப்பைத் தேடி எடுத்தேன்.
நகத்திடுக்கில் இன்னும் கிறீஸ்.
விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கையில்
வரைபடத்தின் வடக்கு ஓரத்தில்
என் பெருவிரல் பதிந்துவிட்டது.