தனிச் சமையல்

சத்துவாச்சாரி, ஹவுசிங் போர்டு, இரண்டாம் கட்டம்.
பின்பக்கம் பதினொன்றுக்குப் பதினாறு.
துணிக்கொடியும் செப்டிக் டேங்க் மூடியும் போக
மிச்சமிருந்த மண் அவ்வளவுதான்.
தேசிங்கு மேஸ்திரி கயிறு கட்டிச் சுண்ணாம்பு தூவியதும்
ஒரு லாரி நிற்கிற இடம் மாதிரி தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு விடுங்கள்,
கல்கத்தாக்காரர்கள் தினக்கணக்கில் தருவார்கள் என்றார்
எதிர்வீட்டு ஜம்புலிங்கம்.
அவருக்கு யாருக்கென்று தெரியும்.
தெரிந்துதான் சொன்னார்.

ரேணுகா ஓசூரிலிருந்து
மூன்று அட்டைப்பெட்டி, ஒரு தையல் மெஷின்,
தீர்ப்பு நகல் ஒன்றோடு வந்திருந்தாள்.
அவளுடைய பழைய அறை சும்மாதான் கிடந்தது.
"உள்ளே வேண்டாம்ப்பா. எனக்கு வாசல் வேணும்."

கதவு எந்தப் பக்கம் என்பதில்தான் சண்டை.
எங்கள் சமையல்கட்டைப் பார்த்து என்றேன் நான்.
சந்துப் பக்கம் என்றாள் அவள்.
மேஸ்திரி இரண்டு பக்கமும் லிண்டல் போட்டுவிட்டு
பேசி முடிவு பண்ணுங்க என்று டீ குடிக்கப் போனார்.
ஒரு வாரம் அந்த அறைக்கு இரண்டு ஓட்டை.
மே மாத வெயில் ஒன்றில் நுழைந்து
இன்னொன்றில் போனது.

வெள்ளிக்கிழமை காலை பார்க்கிறேன்,
எங்கள் பக்கத்து ஓட்டையில்
ஏழு வரிசை செங்கல் ஏறியிருக்கிறது.
சித்தாள் வரவில்லையாம், அவளே கலவை எடுத்துக் கொடுத்தாளாம்.
விரலெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருந்தது.
"மேல ஒரு ஜன்னல் விடச் சொல்லியிருக்கேன்,
குழம்புக் கிண்ணம் போற அளவுக்கு."
அவள் அம்மா உள்ளே போய்
கிண்ணத்தை எடுத்துவந்து அளந்து பார்த்தாள்.

பிறகு தனி மீட்டருக்கு எழுதிக் கொடுத்தோம்.
முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில்
வாசல் வாசலாக ஏறி இறங்கியவன் நான்.
தனி வாசல், தனிச் சமையல், தனிக் குடும்பம்:
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
நூறு யூனிட் இலவசத்துக்காக
ஒரு வீட்டை இரண்டாக்கிக் காட்டியவர்களை விட்டதில்லை.
கொசப்பேட்டையில் ஒரு வீட்டில்
இரண்டாவது அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.
கூடத்தில் நின்ற பெண் தலையைக் குனிந்தாள்.
சரியாகத்தான் செய்தோம் என்று சைக்கிள் ஏறினேன்.

இங்கே வந்த பையன் சின்னவன். என்னைத் தெரியும்.
செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தான்.
"பொண்ணுதானே சார்? ஒரே குடும்பம்தானே?"

ரேணுகா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள்.
வாணலியில் முள்ளுக் கத்தரிக்காய்.
எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும்.

"இல்ல," என்றேன். "வேற குடும்பம்."

வாய் உலர்ந்துவிட்டது.
பையன் எழுதிக்கொண்டான்.
அவள் காயைத் திருப்பிப் போட்டாள்.
எனக்கு முதுகுதான் தெரிந்தது,
கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி.
அடுப்பைத் தொட்டுப் பார் தம்பி என்றேன், நானே.
அவன் சிரித்தான். தொடவில்லை.

இப்போது சுவரில் இரண்டு மீட்டர்.
கதவில் 46-க்குப் பக்கத்தில் ஒரு கோடு, ஒரு ஒன்று.
தண்ணீர் குடிக்க எழுந்தால் பார்த்துவிடுகிறேன்,
பழக்கம்.
சிவப்புப் புள்ளி வேகமாகச் சிமிட்டினால் இஸ்திரிப் பெட்டி.
பத்துப் பதினைந்து எண்ணி ஒரு தரம் என்றால் மின்விசிறி.
நேற்று, மார்கழிக் குளிர், இரண்டரை மணி.
ஒரு தரம் சிமிட்டியது.
அடுத்ததற்குக் காத்து நின்றேன்.
ஒரு நிமிஷம். அப்புறம் இன்னொரு நிமிஷம்.
அப்படியென்றால்
சின்ன பல்பு ஒன்று மட்டும் எரிகிறது.

கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன்.
கதவு சந்துப் பக்கம்.
சுற்றிக்கொண்டு போக வேண்டும்,
சட்டை மாட்டிக்கொண்டு.