நீலம் தெளித்த நாள்

மூன்று முறை அடித்தேன்.
முதலில் போத்தல் மூடியால் ஒன்று,
மறுகா இரண்டு,
கடைசியில் மூடியை மறந்து
போத்தலையே சரித்தேன்.
வெண்ஈ எழும்பியது, துணி உதறினாற்போல்,
ஒரு சுற்றுச் சுற்றி
திரும்ப இலைக்கடியில் குந்திக்கொண்டது.

களுதாவளை மணலுக்குக் கோபம் வராது.
எதை ஊற்றினாலும் குடிக்கும்,
குடித்ததைக் கிணற்றிடம் சொல்லும்.
அந்தக் கிணற்றில்தான் நான் முகம் கழுவுவது.

"கொம்பனிய மாத்து பிள்ள" என்றார்
அடுத்த வளவுப் பூபாலப்போடி.
மாற்றினேன். பெயர் வேறு, படம் வேறு,
அடியில் பொடி எழுத்தில் அதே மருந்து.
அதே சோறு, புதுப் பீங்கான்.

எரிச்சலில்தான் தோன்றியிருக்க வேண்டும்:
மகனின் பள்ளிச் சட்டைக்கு வைத்த நீலத்தை
வெறும் தண்ணீரில் கரைத்து
டாங்கியை முதுகில் ஏற்றினேன்.
காலை ஒன்பது மணி. கச்சான் காற்று.
எப்போதும்போல் நடந்தேன், எப்போதும்போல் அடித்தேன்.

என் முழங்கால் நீலம்.
பாத்தி நீலம்.
பூபாலப்போடி வேலியில் காயப்போட்ட
வெள்ளைச் சாரம் நீலம்.
கத்தரி இலையின் முதுகில் அங்கங்கே நீலம்.
புரட்டினேன்.
அடிப்புறத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.
மழைக்கு வீட்டுக்குள் இருப்பவர்கள்போல
அவை குஞ்சுகுருமனோடு இருந்தன.

இத்தனை நாளும்
கூரைக்கு மருந்தடித்திருக்கிறேன்.

குழாய் முனையைக் கழற்றினால்
மூக்குத்தித் துளையாய் இருக்கவேண்டியது
தோடு போடும் துளையாய்த் தேய்ந்திருந்தது.
கல்முனையில் புதிது வாங்கினேன்.
மருந்தும் வேறு இனம், பொடி எழுத்தை வாசித்து.
வாடிய குருத்துகளை ஒடித்துச் சாக்கில் கட்டினேன்;
தண்டுக்குள் போன புழுவுக்குக்
கதவு தட்டிப் பயனில்லை.
காற்று படுத்து, வாவிக்கு அப்பால்
படுவான்கரையில் வெயில் இறங்கும் நேரம்
முகத்தை இறுகக் கட்டிக்கொண்டு
முனையை மேலே பார்க்கத் திருப்பி
கீழிருந்து புகையாய் அடித்தேன்.
மூடி ஒன்றே ஒன்று.

ஐந்தாம் நாள் செடியை உலுக்கினேன்.
எதுவும் பறக்கவில்லை.

ஆறாம் நாள் மீராலெவ்வையின் லொறி.
"காய் மினுங்குது பூரணம், இண்டைக்கே ஏத்துவம்."
நல்ல விலைதான் சொன்னார்.
போத்தலில் பதினான்கு நாள் என்று இருந்தது.

முன்பு மூன்றாம் நாளே கொடுத்திருக்கிறேன்,
பூச்சியையே கொல்லாதது
ஆளையா கொல்லப்போகுது என்று.
இப்போது பலித்துவிட்டது.
ஒளித்திருந்ததைத் தேடிப்போய்க் கொன்றது
காயின் தோலில் இல்லாமலா போகும்?

"எட்டு நாள் பொறுங்க காக்கா."
அவர் லொறியைக் கிறுக்கிக்கொண்டு போனார்.
செடியில் காய் முற்றத் தொடங்கியது,
கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று
ஒவ்வொரு காலையும் மஞ்சளாய்.

வேலிக்கு அப்பால், சுட்ட வெயிலில்
நீலச் சாரத்தை மடித்துக் கட்டியபடி
பூபாலப்போடி
போத்தலைச் சரித்துக்கொண்டிருக்கிறார்,
மூடி இல்லாமல்.